கிராணி அறை ஜன்னலில் நேயர் விருப்பம்

1. ஜன்னலடியில் இருந்தவர்கள்

பேக்டரிக் கணக்கு எழுதும் கிராணி இருந்தார். அறைக்கு உள்ளே, நாற்காலியில். ஜன்னலுக்கு வெளியே தூள் சலிக்கும் அஞ்சலை இருந்தாள். அவள் பின்னால் சலிக்கும் பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். ரோலர் வேலு தேத்தண்ணிக் குவளையுடன் இருந்தான். கொழுந்து லோரி டிரைவர் இருந்தார். டிரையர் ஆறுமுகம் இருந்தார். இருக்கக் கூடாதவர் அவர் ஒருவர்தான். இலையைக் காய வைக்கும் டிரையர் அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

நான் அங்கே இல்லை. நான் டிரையர் அடுப்புக்கு விறகு போடுகிறவன். அடுப்பு வாசலில் இருந்து பார்த்தால் கிராணி அறை ஜன்னல் நேராகத் தெரியும், ரேடியோவும் கேட்கும்.

இது எழுபதுகளின் கடைசியில், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பேக்டரியில் நடந்தது. மலைக்குள் ரேடியோ சரியாக எடுக்காது. கிராணி மட்டும் கூரை உச்சியில் கம்பி இழுத்து வைத்திருந்தார். சாயங்காலம் நேயர் விருப்பம் வரும். பிடித்த சினிமாப் பாட்டையும், சேர்ந்து கேட்கிறவர்களின் பெயர்களையும் அட்டையில் எழுதி அனுப்பினால், ரேடியோக்காரர் பெயர்களை வாசித்துவிட்டுப் பாட்டைப் போடுவார்.

பாட்டுக் கேட்க ஒருவரும் அந்த ஜன்னலுக்கு வரவில்லை. பெயர் கேட்க வந்தார்கள்.

2. வயலின் வரும்

மாதம் ஒரு அட்டை கிராணி அனுப்புவார். பாட்டு அவர் பார்த்து எடுப்பதுதான். பெரும்பாலும் யாரோ யாரையோ இழந்துவிட்டு மெதுவாகப் பாடுகிற பாட்டு. அதைத் தரமான பாட்டு என்பார். நமக்கெல்லாம் பிடித்த பாட்டு என்றும் சொல்வார். எங்களை ஒரு நாளும் கேட்டதில்லை.

பாட்டு ஓடும்போது பேசுவார். இப்போது வயலின் வரப் போகிறது என்பார். வயலின் வரும். வயலின் வந்துவிட்டது என்பார். ஜன்னலில் நிற்கிறவர்கள் தலையாட்டுவார்கள்.

அட்டையில் பெயர் ஏற வேண்டுமே, அதற்காக வேலு அவர் காரைக் கழுவினான். லோரி டிரைவர் கியா பார்ம் காய்கறிச் சந்தையில் இருந்து முட்டைக்கோஸ் கொண்டுவந்து கொடுத்தார். ரேடியோவில் பெயர் வந்த மறுநாளும் வேலு இலை உருட்டும் அதே ரோலரில்தான் நின்றான். ஆனால் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். எனக்குச் சிரிப்பு வரும். சிரிக்க மாட்டேன், விறகு போட வேண்டும்.

ஆறுமுகம் அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது வேறு. மகள் சாந்தி பினாங்குக்கு எலக்ட்ரானிக் பேக்டரி வேலைக்குப் போனாள். போகாதே என்றார். போனாள். போனால் இந்த லயத்து வீட்டு வாசலை மிதிக்காதே என்றார். அவள் மிதிக்கவில்லை. இரண்டு தீபாவளிக்கும் வரவில்லை. கடிதமும் இல்லை. பினாங்கு ஹாஸ்டலில் பெண்களெல்லாம் சேர்ந்து நேயர் விருப்பம் கேட்பார்களாம். யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்று முதல் மகள் பெயர் ரேடியோவில் வர வேண்டும், அவருக்கு அதே நினைப்பு.

கடிதம் எழுதலாமே என்றேன்.

"லெட்டர் போட்டா நான் எறங்கி வந்த மாதிரி ஆயிடும்டா," என்றார். "ரேடியோவுல வந்தா ரேடியோக்காரன் சொன்ன மாதிரிதானே."

கிராணியிடம் போனார். என்ன பாட்டு என்று கிராணி கேட்டார்.

"குடை வச்சிக்கிட்டு ஆடுவாங்களே ஐயா, அது. எம் மகளுக்குப் புடிச்சது."

"அது பாட்டாய்யா? தகரம் தட்டுற சத்தம். எம் பேருல அது போவாது. நம்ம பாட்டுலயே ஒம் மக பேரையும் ஒம் பேரையும் சேத்து விடுறேன், போ."

அது போதும் என்றார் அண்ணன். அதற்காகக் கிராணி வீட்டுப் பின்சரிவைக் கொத்திப் பூச்செடி நட்டுக் கொடுத்தார். கிராணி கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

3. கருகல்

அதனால்தான் அன்று அண்ணன் டிரையரை விட்டுப் போனார். பெயரை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். இலை போட்டுவிட்டுப் போங்கள் என்றேன். போட்டேன் என்றார். போட்டது போதாது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டிரையர் தட்டில் இலை கனமாக விழுந்துகொண்டே இருக்க வேண்டும். மெல்லிசாக விழுந்தால் சூட்டை வாங்க இலை இருக்காது. தூள் கருகும். அந்த வாசம் பேக்டரி முழுக்கப் போகும்.

ரேடியோக்காரர் வாசித்தார். கிராணி பெயர். கிராணி சம்சாரம் பெயர். பிள்ளைகள் பெயர். மாமியார் பெயர். ஈப்போ மச்சான் பெயர், அவன் பிள்ளைகள் பெயர். கடைசியில், மற்றும் தொழிற்சாலை நண்பர்கள் என்றார். பாட்டு வந்துவிட்டது.

வேலு நெஞ்சை நிமிர்த்தலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, எம் மக பேரு?"

கிராணி விரலைத் தூக்கிக் காட்டினார்.

"இருப்பா. வயலின் வரப்போவுது."

எனக்கு வாசம் வந்துவிட்டது. அடுப்பில் இருந்த விறகை வெளியே இழுத்துப் போட்டேன். டிரையர் கதவைத் திறந்துவிட்டேன். அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் ஓடி வருவதற்கு முன்னால் தோட்டத்தை நடத்தும் துரை வந்துவிட்டார். தூளை வாயில் போட்டுக் கடித்துத் துப்பினார். டிரையரில் யார் என்று கேட்டார்.

கிராணி பேப்பர் கட்டுடன் வந்து நின்றார்.

"இந்த ஆளு எடத்துல நிக்கிறதே இல்ல துரை. நானும் எத்தன தடவ சொல்லிட்டேன்."

நான் வாயைத் திறந்தேன்.

"ரேடியோ கேக்கப் போனாரு துரை. ஐயா ரூம்புலதான்."

துரை போய்ப் பார்த்தார். ரேடியோ மேல் துண்டு போட்டு மூடியிருந்தது. நியூஸ் கேட்கத்தான் வைத்திருக்கிறேன் என்றார் கிராணி. ஜன்னலடியில் நின்றவர்கள் எல்லாரும் அவரவர் மிஷினில் இருந்தார்கள். ஒருவரும் எதையும் பார்க்கவில்லையாம்.

மறுநாள் முதல் அண்ணன் மலைச்சரிவில் புல்வெட்டும் ஆட்களுடன் போனார். டிரையருக்குக் கிராணியின் ஈப்போ மச்சான் வந்தான். அவன் கையில் தூள் பல முறை கருகியது. அப்போதெல்லாம் கிராணிக்குச் சளி, வாசம் தெரியாது.

4. குடைப் பாட்டு

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனவன். எழுத்து பெரிதாக வரும். டவுனில் அட்டை வாங்கினேன். பாட்டு எது என்று தெரிய வேண்டும். அண்ணனுக்குக் குடை மட்டும்தான் தெரியும். சலிக்கும் பெண்களிடம் போய்க் கேட்டேன்.

"கொடையா? எல்லாப் படத்துலயும் கொடை இருக்கு லா," என்றாள் ஒருத்தி.

"சாந்தி பாடுறது," என்றேன்.

அஞ்சலை முறத்தை வைத்துவிட்டு மெல்லப் பாடினாள். பாதியில் நின்றாள்.

"மிச்சம்?"

"தெரியாது. அடுத்த வீட்டுல இருந்து கேட்டதுதானே. அந்தப் புள்ள இந்த எடத்துக்கு வரும்போது அவ அப்பன் வந்து நிறுத்திடுவாரு. அதுவரைக்கும்தான் எனக்கு மனப்பாடம்." பிறகு சொன்னாள்: "எனக்கும் புடிக்கும்னு கிராணிகிட்ட சொல்லிடாத. நான் தரமான பொம்பள."

முதல் வரி போதும். எழுதினேன். விரும்புகிறவர் ஆறுமுகம், கேட்க வேண்டியவர் மகள் சாந்தி, பினாங்கு. பெண்கள் தங்கள் பெயரையும் போடச் சொன்னார்கள். அண்ணன் வேலை போன அன்று அதே ஜன்னலில் நின்றுவிட்டு, எதையும் பார்க்கவில்லை என்றவர்கள். போடவில்லை. அஞ்சலை கொஞ்ச நாள் என்னுடன் பேசவில்லை. அதனால் அடுப்பு அணைந்துவிடவில்லை.

ஒரு சாயங்காலம் அது வந்தது. கிராணி அறையிலேயே வந்தது. பெயர்களை வாசித்ததும் கிராணி முகம் மாறியது. பாட்டு தொடங்கியதும் இந்தக் கண்றாவியை யார் கேட்டது என்று சொல்லிச் சத்தத்தைக் குறைத்தார். அவர் அறையில் குறைத்தார். பினாங்கில் அவரால் குறைக்க முடியாது.

அண்ணன் புல்வெட்டி இறங்கி வந்தபோது சொன்னேன்.

"பேர ஒழுங்காச் சொன்னானா?"

"சொன்னான்."

"பாட்டு?"

"போட்டான்."

"முழுசாவா?"

"முழுசா."

கத்தியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

5. கற்றது

பேக்டரியில் வேலை செய்கிற இளையவர்களுக்குச் சொல்வது இவ்வளவுதான். டிரையரில் இலை இருக்கும்போது எவன் பெயர் வாசித்தாலும் நகராதே. உனக்கு வேண்டிய பாட்டை அடுத்தவன் அட்டையில் அனுப்பாதே. உன் ரசனை மட்டம் என்று ஒருவன் சொன்னால் அவன் வீட்டுச் சரிவைக் கொத்திக் கொடுக்காதே.

அடுத்த தீபாவளிக்கு முன்னால் தோட்டத்துக் கடைக்கு போன் வந்தது. சாந்தி பேசினாள். வருகிறேன் என்று மட்டும் சொன்னாளாம். கடைக்காரர் வந்து சொன்னார். அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு தானா ராத்தா பஸ் நிலையத்துக்குப் போனார். நான் எதற்கு என்றேன். ஒரு பொண்ணு தனியா வர்றா, பையைத் தூக்க ஆள் வேண்டாமா என்றார். அதற்கு நீங்கள் போதுமே என்றேன். சட்டையைப் போடு என்றார்.

மலையடிவாரத்துத் தாப்பாவில் இருந்து பஸ் மேலே ஏறி வந்து நின்றது. சாந்தி இறங்கினாள். அவள் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு ஒருவன் இறங்கினான். அவன் தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் ஒருவர் ஒருவராகப் பார்த்தார்.

மூன்று பேர். பினாங்குக்கு நான் எழுதிய பெயர் ஒன்றுதான்.