யூனிஸ் கை வைக்காத பிரிண்டர்

பாளையங்கோட்டையில் யூனிஸைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் ஸ்கூட்டரைத் தெரியாத ஆபீஸ் கிடையாது. கோர்ட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் அந்தப் பழைய வண்டி வந்து நின்றால் போதும், எந்த மாடியிலிருந்தாவது ஒரு தலை எட்டிப் பார்க்கும். "யக்கா, அங்கன முடிச்சிட்டு இங்கன ஒரு எட்டு வந்துட்டுப் போங்க!" பிரிண்டர் பேப்பரைக் கடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறதா, ஸ்கேனர் பாதிப் பக்கத்தில் படுத்துக்கொண்டதா, நாலு கம்ப்யூட்டருக்கும் ஒரே பிரிண்டரைப் பொதுவாக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் யூனிஸ்தான்.

வயது நாற்பத்தாறு. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். மகளும் சாக்பீஸ் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு பி.எட்.டில் சேர்த்துவிட்டார். மகள் ஒரே ஒரு வகுப்பு எடுத்துப் பார்த்தாள். ஐம்பது பிள்ளைகளுக்கு ஒரு மெஷின் தேவலை என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டாள். பிறகு கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில், அட்டைப்பெட்டிக்கு லேபிள் அடிக்கும் பிரிண்டர்களோடு ஆறு வருஷம் மல்லுக்கட்டினாள். அங்கே கற்றதை வைத்துத் தனியாகத் தொழில் தொடங்கிப் பதினைந்து வருஷம் ஆகிறது.

அவளுக்கு ஒரு வாய்க்கொழுப்பு உண்டு. வேலை முடிந்து பையை மூடும்போது, "ஒரே நோவுக்கு ரெண்டாந்தரம் நான் வரமாட்டேன், பாத்துக்கிடுங்க" என்பாள். பதினைந்து வருஷமாகச் சொன்னபடியே நடந்தும் வந்தது. அப்புறம் இந்த ஜூன் மாதம் அவள் பாபநாசம் அண்ணாச்சியின் ஆபீஸ் படியேறினாள். வந்தது வினை.

பாபநாசம் அண்ணாச்சி சிவில் வக்கீல். முப்பத்தெட்டு வருஷ பிராக்டிஸ். நெற்றி நிறைய திருநீறு, குரலில் எப்போதும் குறுக்கு விசாரணை. அவர் ஆபீஸில் எதற்கும் ஒரு முறை உண்டு. காலையில் பேப்பரை முதலில் பிரிப்பது அண்ணாச்சி, அடுத்து ஜூனியர் கார்த்திகேசன், அடுத்து அவனுக்கு ஜூனியர் விஜயஸ்ரீ, கடைசியில் டைப் செய்யும் வேணி. டீ வந்தாலும் அதே வரிசைதான். கார்த்திகேசன் ஒரு நாள் தெரியாத்தனமாக முதல் கிளாஸை எடுத்துவிட்டு, அந்த வாரம் பூராவும் நில அளவைப் படங்களுக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தான் என்று சொல்வார்கள்.

அந்த ஆபீஸுக்குத்தான் ஸ்கேனரும் சேர்ந்த பெரிய பிரிண்டர் ஒன்று புதிதாக வந்து இறங்கியது. நாலு பேர் கம்ப்யூட்டரிலிருந்தும் அதில் அச்சடிக்க வேண்டும், அதில் ஸ்கேன் செய்தால் நாலு கம்ப்யூட்டருக்கும் போய்ச் சேர வேண்டும். யூனிஸ் ஒரே பகலில் வயர் இழுத்து, நாலையும் இணைத்துக் கொடுத்தாள். வைஃபை வேண்டாம், பிள்ளைகள் போனை நோண்டும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டதால் எல்லாமே வயர்தான். அண்ணாச்சி தன் பார் கவுன்சில் சான்றிதழை ஸ்கேன் செய்து பார்த்து, "பரவால்லையே, அசல் மாதிரியே இருக்கே" என்றார். யூனிஸ் பையை மூடிக்கொண்டே வழக்கமான வசனத்தைச் சொன்னாள்.

இரண்டு வாரத்தில் வேணியிடமிருந்து போன். "யக்கா, பிரிண்டர் செத்துப்போச்சு. அண்ணாச்சி வேற மதுரைக்குப் போயிருக்காவ."

யூனிஸ் போய்ப் பார்த்தாள். பிரிண்டர் சாகவில்லை, வீடு மாறியிருந்தது. நெட்வொர்க்கில் ஒவ்வொரு மெஷினுக்கும் கதவு எண் போல ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பரைக் கொடுப்பது ரௌட்டர் என்ற சின்னப் பெட்டி. ஜூனில் ஆறாம் நம்பரில் இருந்த பிரிண்டர் இப்போது ஐந்தில் உட்கார்ந்திருந்தது. அன்றைக்குப் போட்டிருந்த கம்ப்யூட்டர்கள் மூன்றும் ஆறாம் நம்பர் கதவைத் தட்டிக்கொண்டு நின்றன. மூன்றிலும் ஐந்து என்று மாற்றினாள், ஓடியது. அண்ணாச்சியின் கம்ப்யூட்டரை மட்டும் அவள் தொடவில்லை. அவர் இல்லாதபோது அதை யாரும் போடக் கூடாது என்பது அந்த ஆபீஸ் சட்டம்.

மறுநாள் அண்ணாச்சி திரும்பிவந்தார். அவர் கம்ப்யூட்டரில் ஜம்மென்று அச்சாகியது. யூனிஸ் சரிசெய்துவிட்டுப் போன மூன்றிலும் ஒன்றும் வரவில்லை. பிரிண்டர் மறுபடி ஆறுக்குப் போயிருந்தது. ஓடிவந்து மூன்றையும் ஆறுக்கு மாற்றினாள். பத்து நாள் கழித்து அண்ணாச்சி மதுரைக்குப் போனார், பிரிண்டர் ஐந்துக்குப் போனது. இப்படியே ஐந்து, ஆறு, ஐந்து, ஆறு என்று மூன்று மாதம் அவளைப் படியேற வைத்துப் படாத பாடு படுத்தியது அந்தச் சனியன்.

பிரிண்டரிலேயே ஒரு நம்பரை நிரந்தரமாகக் கட்டிப்போட்டால் கதை முடிந்தது. அது யூனிஸுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவள் போன வேறு எந்த ஆபீஸிலும் அதற்குத் தேவை வந்ததில்லை என்பதால் ஜூனில் விட்டுவிட்டாள். பிறகு வீம்பு பிடித்துக்கொண்டது. அது ஏன் நம்பர் விட்டு நம்பர் தாவுகிறது என்று தெரியாமல் கட்டிப்போட மாட்டேன், புண்ணைப் பார்க்காமல் கட்டுப்போட்டால் சீழ் பிடிக்கும் என்பது அவள் கட்சி. ரௌட்டரைத் திறந்து பார்க்கலாம் என்றால், அது அண்ணாச்சி அறையில் சாமி படங்களுக்குப் பின்னால் பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. "அது இன்டர்நெட்காரன் வச்சது. அதுல நீ கை வைக்காத" என்று அண்ணாச்சி முதல் நாளே சொல்லிவிட்டார்.

இந்த அழகில்தான் ஒரு புதன்கிழமை, அண்ணாச்சி மதுரையில் இருந்த நாளில், யூனிஸ் மறுபடி போய் மூன்றையும் ஐந்துக்கு மாற்றிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். புருஷன் ஜோஷுவா டவுன் பஸ் கண்டக்டர். சாப்பிட வந்தவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது" என்றான்.

"கோவப்படுத மாதிரி இருந்தா சொல்லாத."

ஆனாலும் சொன்னான். பஸ்ஸில் இரண்டு வக்கீல் குமாஸ்தாக்கள் பேசிக்கொண்டு வந்தார்களாம். பாபநாசம் அண்ணாச்சி கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் வைத்துச் சொன்னாராம்: "நான் ஊர்ல இல்லாத நாளாப் பாத்து அந்த யூனிஸு வாரா. அவ தொட்ட மூணும் மறுநாள் கெடுது. தொடாத மெஷின் என்னோடது ஒண்ணுதான், அது மட்டும் ஓடுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? திரும்பத் திரும்பக் கூப்பிடணும்னே கெடுத்து வச்சிட்டுப் போறா வே."

யூனிஸுக்கு அழுகை வந்தது. கோபம் அதைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. பதினைந்து வருஷமாக எத்தனையோ ஆபீஸில், "யக்கா, நீங்க பாத்துக்கிட்டு இருங்க" என்று சாவியையும் கேஸ் கட்டுகளையும் விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். அந்த நம்பிக்கைதான் அவள் தொழில். வேலை தெரியாதவள் என்று சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டுவிட்டு விட்டிருப்பாள். கள்ளி என்றல்லவா சொல்லிவிட்டார்! இந்தப் பேச்சு பஸ்ஸில் ஏறிவிட்டது. இனி ஜங்ஷன் வரைக்கும் டிக்கெட் இல்லாமலே போகும்.

"நாளைக்குக் காலைல ஆபீஸ் தொறக்கறதுக்கு முன்ன நான் அங்கன நிப்பேன்" என்றாள். கருவாட்டுக் குழம்பு அவள் தட்டில் அப்படியே ஆறிப்போனது.

மறுநாள் ஒன்பது மணிக்கே போய், வாசலோரம் கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். மூன்று மாதமாக அவள் வந்ததெல்லாம் வேலை நடந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான். அந்த ஆபீஸ் விடிவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

வேணி வந்து கதவைத் திறந்தாள். நேராகப் போய் மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டாள்.

"மெயினவா அணைச்சிட்டுப் போறிய?" என்று கேட்டாள் யூனிஸ்.

"தெனமும் சாயந்திரம் அணைக்கணும்லா. ஒரு ஐப்பசில இடி விழுந்து ஃபேன் கருகிப்போச்சு. அதுல இருந்து அண்ணாச்சி உத்தரவு."

அப்படியானால் ரௌட்டரும் தினமும் அணைகிறது. அந்த மலிவுப் பெட்டிக்கு மறதி அதிகம், கரண்ட் போனால் நேற்று யாருக்கு எந்த நம்பர் கொடுத்தோம் என்பதே நினைவிருக்காது. காலையில் ஒன்றாம் நம்பரைத் தனக்கு வைத்துக்கொண்டு, யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு இரண்டு, அடுத்தவருக்கு மூன்று என்று புதிதாகக் கொடுக்கத் தொடங்கிவிடும். யூனிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கார்த்திகேசன் வந்தான், உட்கார்ந்தான், கம்ப்யூட்டரைப் போடவில்லை. விஜயஸ்ரீ வந்தாள், அவளும் போடவில்லை. மூன்று பேரும் பரீட்சை மணிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மாதிரி இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதே முக்காலுக்கு அண்ணாச்சி வந்தார். யூனிஸைப் பார்த்தும் பாராதவர் போல உள்ளே போய், சாமி கும்பிட்டு, தன் கம்ப்யூட்டரைப் போட்டார். கம்ப்யூட்டர் விழித்துக்கொண்ட மணிச்சத்தம் உள்ளேயிருந்து கேட்டது. அப்புறம் கார்த்திகேசன், பிறகு விஜயஸ்ரீ, பிறகு வேணி. எல்லாரும் போட்ட பிறகு வேணி எழுந்துபோய்க் கடைசியாகப் பிரிண்டரைப் போட்டாள்.

யூனிஸ் விரல் விட்டு எண்ணினாள். இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. பிரிண்டர் ஆறு.

"ஏட்டி வேணி, அண்ணாச்சி மதுரைக்குப் போற அன்னைக்கு?"

"கார்த்தி சார் மொதல்ல போடுவாவ."

ஆளுக்கு ஒரு படி ஏற்றம். பிரிண்டருக்கும் ஒரு படி ஏற்றம்! "என் ஆண்டவரே!" என்று பெஞ்சிலிருந்தே கத்திவிட்டாள் யூனிஸ்.

அண்ணாச்சி வெளியே வந்தார். "என்ன யூனிஸு, இன்னைக்கும் மூணு மெஷின் ஓடலையாம். நேத்து நீ வந்துட்டுப் போனியாம்லா?"

"டீக்கடைல நீங்க சொன்னது எனக்கு வந்துட்டு அண்ணாச்சி" என்றாள் யூனிஸ். "நான் தொட்டா கெடுது, தொடாட்டி ஓடுதுன்னீய. இப்ப நான் எதையும் தொடமாட்டேன். கையப் பொறத்தால கட்டிக்கிடுதேன். நான் தொட்டுக் கெடுத்த மூணையும் ஓட வைக்கேன். நான் தொடாத உங்க மெஷின நிப்பாட்டிக் காட்டுதேன். பாக்கியளா?"

வக்கீலுக்குச் சாட்சியம் என்றால் நாக்கில் நீர் ஊறும். "காட்டு" என்றார்.

"எல்லாத்தையும் அணைங்க. மெயினையும் அணைச்சுப் போடுங்க. இப்ப கார்த்தி போடட்டும். அடுத்து விஜயஸ்ரீ. அடுத்து வேணி. அதுக்கு அடுத்து பிரிண்டர்." யூனிஸ் மூச்சை இழுத்துக்கொண்டாள். "எல்லாரும் போட்ட பொறவு, கடைசியா நீங்க."

வேணி வாயைப் பொத்திக்கொண்டாள். கார்த்திகேசன் தரையில் எதையோ தேடினான்.

"வேணிக்குப் பொறவா?" என்றார் அண்ணாச்சி.

"பிரிண்டருக்கும் பொறவு."

அண்ணாச்சி மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், ஜன்னலைப் பார்த்தார், சாமி படத்தைப் பார்த்தார். "செய்யுங்கலே" என்றார் கடைசியில்.

ஒவ்வொருவராகப் போட்டார்கள். பிரிண்டரையும் போட்டாள் வேணி. அண்ணாச்சி தன் அறை வாசலில் நின்று, தன் முறை வரட்டும் என்று காத்திருந்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த ஆபீஸில் அவர் எதற்காகவும் காத்திருந்தது அன்றுதான். பிறகு போய்ச் சுவிட்சைப் போட்டார்.

கார்த்திகேசன் கம்ப்யூட்டரிலிருந்து பக்கம் வந்தது. விஜயஸ்ரீயிடமிருந்து வந்தது. வேணி அடித்ததும் வந்தது. யூனிஸின் கைகள் பின்னால்தான் இருந்தன.

அண்ணாச்சி தன் அறையிலிருந்து அடித்தார். வரவில்லை. மறுபடி அடித்தார். ம்ஹும்.

"ஆறாம் நம்பர்ல பிரிண்டர் இருக்குன்னு உங்க மெஷின் நெனச்சிக்கிட்டு இருக்கு. இப்ப அந்த ஆறாம் நம்பரே நீங்கதான் அண்ணாச்சி. தன் வீட்டுக் கதவையே தட்டிக்கிட்டு நிக்கி" என்றாள் யூனிஸ். விஜயஸ்ரீ அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். அண்ணாச்சி அவளை முறைக்கவில்லை. யூனிஸ் விரல் விட்டு விளக்க விளக்க, தீர்ப்பைக் கேட்பவர் போலத் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் பேர்லயும் தப்பு இருக்கு. நம்பர ஜூன்லயே கட்டிப்போட்டிருக்கணும், வீம்புக்கு விட்டுட்டேன்" என்று முடித்தாள். "ஆனா நான் கெடுக்கல."

"கெடுக்கல. நான் சொன்னது தப்புதாம்மா."

"இங்கன சொன்னா பத்தாது அண்ணாச்சி. சொன்ன எடத்துல வச்சுச் சொல்லணும்."

அப்புறம்தான் அவள் கையை அவிழ்த்தாள். பிரிண்டருக்கு இருநூறு என்று ஒரு நம்பரைக் கட்டிப்போட்டாள். யார் வந்தாலும் போனாலும் அந்த வரிசைக்குள் வராத நம்பர். நாலு கம்ப்யூட்டரிலும் மாற்றி, மெயினை இரண்டு தரம் அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுப் பையை மூடினாள். வழக்கமான வசனத்தைச் சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு எதிர்த்த டீக்கடையில் கூட்டம் நெரிந்தது. அண்ணாச்சி யூனிஸையும் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து, கோர்ட்டில் பேசும் குரலிலேயே தொடங்கினார். "எல்லாரும் கேட்டுக்கிடுங்க வே. யூனிஸு என் பிரிண்டரக் கெடுக்குதான்னு இதே எடத்துல சொன்னேன். அது பொய். அவ கெடுக்கல."

"பொறவு யார் அண்ணாச்சி கெடுத்தது?" என்றார் மூலையிலிருந்து ஒரு குமாஸ்தா.

அண்ணாச்சி மேல்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "நாந்தான் வே. மொத சுவிட்ச நாந்தான் போடணும்னு நிப்பேம்லா, அதுதான் கெடுத்துச்சு."

டீ மாஸ்டர் எப்போதும் போல முதல் கிளாஸை அண்ணாச்சி பக்கம் நீட்டினார். அண்ணாச்சி அதை வாங்கி, யூனிஸிடம் கொடுத்துவிட்டு, அடுத்ததற்குக் கையை நீட்டினார்.

அது அவருக்கென்று போட்ட சர்க்கரை இல்லாத டீ. யூனிஸுக்கு மூன்று கரண்டி வேண்டும். சர்க்கரை கேட்காமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.