துருப் பிடிக்காத மாத்திரை

ஜன்னலருகே நின்று, அந்த மாத்திரையை இரண்டு விரல்களுக்கிடையே பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்குவார் ராமக்காள். தேன்நிற உறைக்குள் எண்ணெய் அசைகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். முந்தானையில் துடைப்பார். அப்புறம்தான் வாயில் போடுவார்.

"தங்கத்தத் தின்னுட்டுக் காதுல பித்தளையப் போட்டிருக்கியே, ராமக்கா" என்பாள், கூட வேலை செய்யும் மாதம்மா.

"உள்ள மினுங்குனாப் போதும் வுடு. காத எவன் பாக்கறான்?"

மார்டள்ளி கிராமத்திலிருந்து மைசூருக்கு வந்தவர். அங்கே ஹெப்பாளில் எங்கள் தொழிற்சாலை கேண்டீன் அடுப்பு அவர் பொறுப்பு. உள்ளங்கையில் சாம்பாரை ஊற்றி நக்கிப் பார்த்து அவர் தலையாட்டினால்தான் அண்டா இறங்கும். நான் ஸ்டோர்ஸில் குமாஸ்தா. அவர் வீட்டுக்கு அடுத்த அறையில் குடியிருந்தேன். கேட்காமலே எனக்கும் சேர்த்துக் களி கிண்டி வைப்பார்.

அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. தொழிலாளர் டிஸ்பென்சரியில் இலவசமாக மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டுவந்தார், கட்டுக்குள் இருந்தது. தொண்ணூற்றேழில் எங்கள் சூப்பர்வைசர் சேகரன் ஏதோ ஒரு கம்பெனிக்கு ஏஜெண்டாகி, மாத்திரை பாட்டில்களோடு தொழிற்சாலை பஸ்ஸில் ஏறத் தொடங்கினான்.

"இரும்பை மழையில போட்டா என்னம்மா ஆகும்? துரு. ரத்தத்துல சக்கரை ஏறினா ஹார்ட்டுல ஒவ்வொரு செல்லும் அப்படித்தான். இது ஆண்டிஆக்ஸிடன்ட். துருவே பிடிக்காது, நோடி, நீங்களே பாருங்க."

லேத்தோடு வாழ்கிறவர்களிடம் துருவைப் பற்றிப் பேசினான். அதற்குமேல் ஒரு விளக்கமும் அவனுக்குத் தேவைப்படவில்லை.

"டாக்டரு குடுத்த சக்கரை மாத்திரையயும் திங்கோணுங்களா, சார்?" என்று கேட்டார், தங்கத் தோட்டை விற்று ஒரு பாட்டில் வாங்கிய ராமக்காள்.

"உங்க இஷ்டம். இது இருக்கறப்போ அது எதுக்கு?"

வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. சொல்லாமல் சொல்வதற்கு ஒரு படிப்பு வேண்டியிருக்கிறது.

ராமக்காளின் ஊரில் மருந்து என்றால் பத்தியம் உண்டு. ஒரு மருந்து இன்னொன்றை முறிக்கும். அதனால் கருவாட்டை விட்டார், கத்தரிக்காயை விட்டார், அதே கையோடு சர்க்கரை மாத்திரையையும் விட்டார்.

"டாக்டரைக் கேளுங்கக்கா" என்றேன்.

"கேட்டா வைவாரு. பத்தியம் முடியட்டுங் கண்ணு."

பத்தியம் முடியவில்லை. ஒரு மதியம் கரண்டியைப் பிடித்தபடியே வியர்த்துக் கொட்டி, மூச்சு வாங்க அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள்.

"நெஞ்சு வலிக்கவே இல்லீங்களே!"

"சக்கரை ரொம்ப நாள் இருந்தா வலிக்காமலும் வரும்மா" என்றார் டாக்டர். என்னிடம் தனியாகச் சொன்னார்: "அந்த பாட்டில் இதயத்தைக் காப்பாத்துமான்னு இன்னும் ஆராய்ச்சிதான் நடக்குது. சக்கரையை அது குறைக்காது. அதைக் குறைக்கற மாத்திரையை எந்த முட்டாள் நிறுத்தச் சொன்னான்?"

மறுநாள் அந்த முட்டாள் வந்தான், புது பாட்டிலோடு. "நடுவுல விட்டிருப்பாங்க. அதான் இப்படி."

மாதம்மா எழுந்தாள். "பாட்டில எடுத்துக்கிட்டு நடய்யா! இல்ல, இங்கயே உன் தலைல ஒடைப்பேன்!"

ராமக்காள் பிழைத்தார். ஆனால் அண்டா முன் நிற்க இதயத்துக்குத் தெம்பில்லை, வேலை போயிற்று. சேகரன் அதே பஸ்ஸில், ஜன்னலோர இருக்கையில், துருவைப் பற்றிப் பேசிக்கொண்டே போனான்.

வெகுநாள் கழித்து, மார்டள்ளிக்குத் திரும்ப அவர் மூட்டை கட்டியபோது, அவனைப் பற்றி அதுவரை அடக்கியதையெல்லாம் கொட்டினேன். ராமக்காள் முடிச்சை இறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்புடித் திட்டாத கண்ணு. அவருக்குஞ் சக்கரைதான். டிஸ்பென்சரில ஆபீசருங்களுக்குக் குடுக்க மாட்டாங்களாமா. நாந்தான் எம்மாத்திரைய மாசாமாசம் வாங்கி அவருக்குக் குடுத்தேன். ஒரு வேளை தவறாமத் திம்பாரு."