வாழைமரம் கட்டிய சாய்தளம்

யாராவது தூக்கிவிட வந்தால் செபஸ்தியம்மாளுக்குப் பொத்துக்கொண்டு வரும் கோபம். நான் என்ன மூட்டையா என்பாள். பஞ்சு மில்லில் வருடக்கணக்காக நின்றே வேலை பார்த்த கால்கள் அவளுடையவை. நிலக்கோட்டை ரோட்டில் ஷேர் ஆட்டோ கவிழ்ந்த அன்றோடு அவை மரத்துப்போயின. புருஷன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் சேவியர் ஷார்ஜாவில். ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு, சாப்டியாம்மா என்பான். சாப்பிட்டேன் என்பாள். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் அவ்வளவுதான் பேச்சு.

நாகல் நகரில் ஒற்றை அறை வீடு. மோட்டார் வைத்த தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சாயங்காலம் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போவாள். வாசலில் படிகள். உள்ளே நடைபாதையோ கல் பெயர்ந்து பல்லிளித்துக் கிடந்தது. எதிர் டீக்கடை கிதர் முகம்மதுவும் ஆட்டோ ஓட்டுகிற பழனிக்குமாரும் ஓடிவந்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நாற்காலியோடு அவளை ஏற்றிவிடுவார்கள். இன்னைக்கு என்ன வெஞ்சனம்க்கா என்று கிதர் தினமும் கேட்பான். அவளும் சிடுசிடுத்துக்கொண்டே கத்திரிக்காய் என்றோ கருவாடு என்றோ சொல்லிவைப்பாள்.

ஏறியும் என்ன பிரயோஜனம்? முதல் வேப்பமரத்துக்கு அப்பால் சக்கரம் நகராது. கடையில் கூட்டமென்றால், இறக்கிவிட ஆள் வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் அவளை அரித்தது. யார் தயவும் இல்லாமல் உள்ளே போய், ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுத் தானாக வெளியே வரவேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம் அவளுக்கு.

பூங்காவைச் செப்பனிடப் பணம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், படிக்குப் பக்கத்தில் நாற்காலி ஏற ஒரு சாய்தளம் வேண்டுமென்று மாநகராட்சி ஆபீசுக்கு மனுவோடு கிளம்பிவிட்டாள். நீரூற்றுக்குப் பணம் இருந்தது, செல்ஃபி எடுக்க ஒரு பெரிய சிவப்பு இதயத்துக்குப் பணம் இருந்தது. சாய்தளத்துக்கு மட்டும் இல்லையாம். ஒரு ஆளுக்காக எப்படிம்மா என்றார் அதிகாரி. அடுத்த முறை, பூங்காவில் நடக்க வருகிற முட்டிவலிக்காரர்களையெல்லாம் ஆட்டோக்களில் அள்ளிப்போட்டுக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினாள். ஒவ்வொருவரும் தங்கள் முட்டியின் வரலாற்றை முதலிலிருந்து ஆரம்பிக்கவும் மனிதர் ஆடிப்போய்விட்டார். இதயம் போயிற்று, சாய்தளம் வந்தது. பற்றாத பணத்தை நடக்க வருகிறவர்களே தங்களுக்குள் போட்டுக்கொண்டார்கள். பாதையும் சமமாயிற்று.

திறப்பு விழாவில் நடந்ததுதான் கூத்து. மங்களகரமாக இருக்கட்டும் என்று சாய்தளத்தின் இரண்டு கைப்பிடிகளிலும் குலை தள்ளிய வாழைமரங்களைக் கட்டிவிட்டார்கள். இடையில் ஆள் நுழையலாம், நாற்காலி நுழையாது. மேளம் முழங்க, கிதரும் பழனிக்குமாரும் பழைய படிகள் வழியாகவே அவளைத் தூக்கிப் போனார்கள். பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோ பிடித்தார்கள். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இதுதான் கடைசி. இனிமே என்னைய ஒருத்தரும் தொடப்படாது."

மறுநாள் மரங்களை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். சர்ரென்று ஏறினாள். வேப்பமரத்தைத் தாண்டினாள். கடைக்கோடி வளைவில் மலைக்கோட்டை முழுசாகத் தெரிந்தது. பாத்தியா என்று சொல்ல வாயெடுத்துப் பக்கத்தில் திரும்பினாள். காதில் இயர்போன் மாட்டியவர்கள் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு சுற்று முடித்துத் தானாகவே இறங்கினாள். எதிர்க்கடையிலிருந்து கிதர் சிரித்துக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு டீ ஆற்றப் போனான். பழனிக்குமார் சவாரியில் இருந்தான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான், அன்று முழுக்கத் தான் வாயே திறக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

அடுத்தடுத்த நாளும் அப்படியே. கேட்டது கிடைத்துவிட்டது, யாரைக் குறை சொல்ல? தூக்கிவிட்ட கைகளை அல்ல, காத்திருப்பைத்தான் அவள் வெறுத்திருக்கிறாள். இது புரிந்தபோது அந்தக் கைகள் தத்தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டன.

ஒரு சாயங்காலம் சாய்தளத்தின் அடியில் நாற்காலியை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூப்பிட்டாள்.

"கிதரு, செத்த வந்துட்டுப் போப்பு. சக்கரம் இறுகுது."

கிதர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். குனிந்து இரண்டு சக்கரங்களையும் சுற்றிப் பார்த்தான். எண்ணெய் விட்டதுபோல் ஓடின. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தவன், நாற்காலியின் பின்பக்கம் போய்ப் பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னைக்கு என்ன வெஞ்சனம்க்கா?"

"ஒண்ணும் வைக்கலப்பு," என்றாள் செபஸ்தியம்மாள். "கேக்கத்தான் ஆளில்லயே."