ஐந்து சென்டிமீட்டர்

கும்பகோணத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் வளவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் அணைக்கரைதான். கொள்ளிடத்தில் தூண்டில் போடுவான், மாட்டிய மீனை அளந்துவிட்டு ஆற்றிலேயே விட்டுவிடுவான். அவனைப் போல இருபது பேர் சேர்ந்த வாட்ஸப் குழு ஒன்று உண்டு. தராசுக் கொக்கியில் தொங்கவிட்டால் செவுள் கிழிந்துவிடும் என்பதால் அவர்களுக்கு டேப்தான் தராசு. நீளத்தைச் சுற்றளவால் இரண்டு முறை பெருக்கி இருபத்தொன்பதாயிரத்தால் வகுத்தால், ஏறக்குறைய எத்தனை கிலோ என்று வந்துவிடும். வளவனின் கட்லா ஒன்பது கிலோ எழுநூறு. மூன்று வருஷமாக அதை யாரும் தாண்டவில்லை.

தை மாதத்தில் ஒருநாள் அவன் மனைவி சுடர்விழி, "நானும் வரேங்க" என்று கிளம்பினாள். பள்ளிக்கூட டீச்சர், தூண்டிலைத் தொட்டதே இல்லை. தவிட்டு உருண்டையை முள்ளில் பிடித்துவைக்க அவன்தான் சொல்லிக்கொடுத்தான். பத்து மணிக்கு அவள் தக்கை முங்கியது. அரைமணி நேரம் இழுத்து, சேலையெல்லாம் சேறாகி, ஒரு கட்லாவைக் கரையேற்றினாள்.

ஈரச் சாக்கில் கிடந்த மீன் தன்னுடையதைவிடப் பெரிது என்று பார்த்ததுமே வளவனுக்குத் தெரிந்தது. கையை நனைத்துக்கொண்டு அளந்தான். நீளம் எண்பது சென்டிமீட்டர். வயிற்றைச் சுற்றி டேப்பை வளைத்தான். அறுபத்து மூன்று.

"எவ்வளவுங்க?"

"அம்பத்தெட்டு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் செல்போனில் கணக்குப் போட்டாள். "ஒன்பது கிலோ முந்நூறு. உங்க மீனுக்குக் கொஞ்சம்தான் கம்மி." சிரித்தபடி மீனைத் தண்ணீரில் தாங்கிப் பிடித்து, அது வாலை அடித்துக்கொண்டு போகும்வரை பார்த்திருந்தாள்.

குழுவில் ஜெக்கரியா எழுதினார்: 'அண்ணி ஜஸ்ட் மிஸ். ரெக்கார்டு அண்ணன்கிட்டயே பத்திரமா இருக்கு.' அதை வளவன் பலமுறை எடுத்துப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் முதலில் இனித்தது, பிறகு கசந்தது. அவளோ பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் ஒன்பது முந்நூறு என்றே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை, அவள் டிபன் கட்டிக்கொண்டிருந்தபோது சொன்னான். "சுடரு, அன்னைக்குச் சுத்தளவு அறுபத்து மூணு. நான்தான் கொறச்சுச் சொன்னேன்."

அவள் கை நின்றது. "எதுக்கு?"

"அப்படி ஒரு மீன் மாட்ட எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு. உனக்கு மொத நாளே வந்துடுச்சு."

அவள் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் தேவலை. மனத்துக்குள் பெருக்கி வகுப்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. "கிட்டத்தட்ட பதினொன்னு" என்றாள் மெல்ல. "என் மீன் என்னன்னு எனக்கே தெரியாம ஆக்கிட்டீங்களே. குரூப்ல நீங்களே போடுங்க."

போட்டான். 'சுற்றளவு 63. தவறு என்னுடையது.' பத்து கிலோவைத் தாண்டிய முதல் மீன் என்று வாழ்த்துகள் குவிந்தன. கை தவறியிருக்கும் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். வேண்டுமென்றே செய்தேன் என்று எழுத அவனுக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஞாயிறும் வந்தாள். அவனுக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்தாள். தன் தூண்டிலைப் பார்க்காமல் அவள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான் வளவன். அவள் தக்கை லேசாக அசைந்தது. கெளுத்திக் குஞ்சாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். வேண்டிக்கொண்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு, எழுந்து போய் அவள் மீனைக் கிடத்துவதற்காகச் சாக்கை நனைத்தான்.