காலிக் கட்டத்துக்குப் பூஜ்யம்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'டாக்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஊசி பிடிக்கத் தெரியாது. ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் எழுதுகிறவள். எந்தப் பிழையையும் நாடி பிடித்துச் சொல்லிவிடுவாள் என்று வந்த பட்டம்.

கட்டணத் திரையில் யாராவது ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் மென்பொருள் மொத்தமும் படுத்துவிடும். அவர்கள் எழுதிய கணினி மொழியில் எழுத்து, எண், தேதி என்று பிறவியிலேயே சில வகைகள் உண்டு. அவற்றுக்கு நாமாகப் புதுத் திறமை சேர்க்கவும் அந்த மொழி இடம் கொடுத்தது. அவள் எழுத்து வகைக்கு ஒன்று சேர்த்தாள்: எண்ணாக மாறு, காலியாக இருந்தால் பூஜ்யமாகிவிடு. படுத்த திரை எழுந்து உட்கார்ந்தது.

பிறவி வகையில் சேர்த்தது ஓரிடத்தோடு நிற்காது. மென்பொருள் முழுக்க எழுத்து இருக்கிற இடமெல்லாம் கைக்கு எட்டும். வசதியாக இருந்ததால் ஆளாளுக்கு எடுத்துப் புழங்கினார்கள். பக்கத்து இருக்கைத் தாடிக்காரர் அதைப் பரிசோதனை முடிவுத் திரையிலும் போட்டார்.

நெஞ்சுவலியோடு வந்த ஒரு லாரி ஓட்டுநரின் ரத்தம் குழாயிலேயே உறைந்து வீணாகிவிட, முடிவுக் கட்டத்தைக் காலியாக விட்டார்கள். திரை அதைப் பூஜ்யமாக்கி, மாரடைப்பின் அறிகுறியே ரத்தத்தில் இல்லை என்பதுபோல 'இயல்பு' என்று பச்சையில் காட்டியது. வீட்டுக்கு அனுப்பப்பட்ட மனிதர் வாசற்படி ஏறும்போதே விழுந்து இறந்துபோனார்.

"அத எடுத்துடலாம் சார்," என்றாள் மேலாளரிடம்.

"எடுத்துப் பாரு."

எடுத்தாள். பாதித் திரைகள் பொலபொலவென்று சரிந்தன. எது எது அந்தப் பூஜ்யத்தை நம்பி நிற்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"திரும்பப் போட்டுடும்மா," என்றார் அவர். "முடிவுத் திரைக்கு மட்டும் தனியா வழி பண்ணிக்கலாம். மத்தத மெதுவாப் பாப்போம்."

தன் கையாலேயே திரும்பப் போட்டாள்.

வீட்டில் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, தட்டை வைத்த அக்கா கேட்டாள்: "அந்தத் திரைல நீயா போட்ட?"

"நான் போடலக்கா. யாரு வேணும்னாலும் போடலாம்கிற மாதிரி செஞ்சு வெச்சேன்."

சோறு ஆறிப்போனது.

யாரும் அவளைத் திட்டவில்லை, வேலையை விட்டும் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால்கூடக் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பாள். இப்போது ஒவ்வோர் இடமாகத் தேடி அதை நீக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் ஓரிடத்தில் எடுப்பதற்குள் வேறு யாரோ இரண்டு இடத்தில் புதிதாகப் போட்டுவிடுகிறார்கள்.