முப்பத்தைந்தா, ஐம்பதா

ஜீவராணிக்கு ஒன்றில் ஆசை விழுந்துவிட்டால் வீட்டில் மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். கொஞ்ச நாளாக அவள் வாயில் இரண்டே எண்கள். அடுப்பு மூட்டும்போது முப்பத்தைந்து என்பாள், சோறு வடிக்கும்போது ஐம்பது என்பாள், துணி காயப்போடும்போது மறுபடியும் முப்பத்தைந்துக்கு வந்துவிடுவாள். அவள் புருஷன் கஜேந்திரன் தெஹியோவிட்டச் சந்தியில் த்ரீவீல் ஓட்டுகிறவன், பொறுமைசாலி. அவனே ஒருநாள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னான்:

"இந்தா பாரு ராணி, ரெண்டுக்கும் நடுவுல நாப்பத்தி ரெண்டுன்னு ஒண்ணு இருக்கும்ல. அத வாங்கித் தொலையேன்."

"என் கெமராவுக்கு அந்த அளவுல கெடைக்காதுங்க. தேடிப் பாத்துட்டேன்" என்றாள் அவள், கிண்டல் என்று தெரியாமலேயே.

அந்த எண்கள் லென்ஸின் அளவு. முப்பத்தைந்து மில்லிமீற்றர் லென்ஸ் கொஞ்சம் அகலமாகப் பார்க்கும். ஐம்பது கொஞ்சம் நெருக்கிப் பார்க்கும். இரண்டிலும் ஸூம் கிடையாது. ஆள் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் நாம்தான் கிட்டப் போக வேண்டும். அதற்குப் பதிலாக, மங்கிய வெளிச்சத்திலும் படம் பளிச்சென்று விழும். கமெராவோடு வந்த லென்ஸ் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், காம்பரா என்கிற ஒற்றை அறைக்குள் போனால் குருடாகிவிடும் என்பது ஜீவராணியின் பெரிய மனக்குறை. எங்கள் காம்பராக்களில் பட்டப்பகலிலேயே பல்ப் எரியும், அதைச் சொல்லியும் ஆக வேண்டும்.

அவள் அம்மா தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினாள். ஜீவராணி படித்து முடித்துவிட்டு அவிசாவளையில் ஒரு கார்மென்ட்ஸில் தைத்த சட்டைகளில் குற்றம் கண்டுபிடிக்கும் வேலைக்குப் போனாள். குற்றம் கண்டுபிடிப்பது பிறவிக் குணம் என்பதால் அங்கே நல்ல பேர் எடுத்தாள். கூட வேலை செய்த சிங்களப் பெண் ஒருத்தி கொரியாவுக்குக் கிளம்பும்போது தன் மிரர்லெஸ் கமெராவை இவளிடம் தள்ளிவிட்டுப் போனாள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். பிறந்தநாள், பள்ளிக்கூட விழா, கோயில் கொடியேற்றம் என்று தோட்டத்தில் எது நடந்தாலும் முன்னால் நிற்பாள். எல்லாம் கூப்பிடாமலே செய்கிற உபகாரம். "நல்லா எடுக்குறா" என்று சொல்வார்கள், கல்யாணம் என்று வந்தால் மட்டும் டவுன் ஸ்டூடியோவைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்படியிருக்க, அடுத்த லயத்து வெள்ளையம்மா ஒரு வார்த்தை சொன்னாள். அவள் மகள் கிருஷ்ணகுமாரிக்கு இரத்தினபுரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மாப்பிள்ளை அமைந்திருந்தது.

"ஞாயித்துக்கெழம பரிசம் போட வர்றாங்க. நீயே எடு புள்ள. படம் நல்லாருந்தா கல்யாணத்தையும் ஒன் கையிலயே குடுக்குறேன். இல்லேன்னா ஸ்டூடியோக்காரனத்தான் கூப்பிடணும். அப்புறம் மூஞ்சத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

ஒரு கல்யாண ஆல்பம் எங்கள் பக்கம் வீடு வீடாகச் சுற்றும். அதைப் பார்த்துத்தான் அடுத்த கல்யாணத்துக்கு ஆள் சொல்வார்கள். ஜீவராணிக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

சனிக்கிழமை இரண்டு பஸ் மாறிக் கேகாலைக்கு ஓடினாள். அங்கே கமெராக் கடை வைத்திருக்கும் ஷிப்னா இவளுக்குக் கிட்டத்தட்ட சிநேகிதி. இரண்டு லென்ஸையும் மேசையில் வைத்தால், ஜீவராணி இதைத் தொடுகிறாள், அதைத் தொடுகிறாள், தொட்டிலில் இரட்டைப் பிள்ளைகளைப் பார்க்கிறவள் மாதிரி மாறி மாறிச் சிரிக்கிறாள். ஷிப்னாவுக்குப் பாவமாகிவிட்டது.

"இப்பிடி நிண்டு பாத்தா வெளங்காது ஜீவராணி. ரெண்டயும் வீட்டுக்குக் கொண்டு பெய்த்து எடுத்துப் பாருங்க. ஒண்ட வச்சிக்கிட்டு மத்தத திங்கக்கெழம கொண்டாங்க."

"நெசமாவா?"

"ஒங்கள எனக்குத் தெரியாதா? கீழ மட்டும் போட்றாதீங்க."

பஸ் நிலையத்துக்கு வருவதற்குள்ளேயே ஐம்பதை மாட்டிவிட்டாள். ரம்புட்டான் விற்கும் ஓர் ஆளைக் குறிவைத்து அமுக்கினாள். திரையைப் பார்த்ததும் ஒரு கூச்சல் போட்டாளே, பஸ் கொண்டக்டர் திரும்பிப் பார்த்தான். அந்த ஆளின் முகம் மட்டும் தனியாக எழும்பி நிற்கிறது. பின்னால் நின்ற பஸ்களும் கூட்டமும் குப்பைத் தொட்டியும் கரைந்து வண்ண வண்ணமாக வழிகின்றன. டவுன் ஸ்டூடியோவின் வாசலில் மாட்டியிருக்கும் படங்களில் பார்த்துப் பார்த்து அவள் ஏங்கிய அதே அழகு!

"மொகத நங்கி?" என்ன தங்கச்சி என்று ரம்புட்டான்காரர் சிங்களத்தில் பயந்துபோய்க் கேட்டார்.

"ஹரி லஸ்ஸனாய் அய்யே!" ரொம்ப அழகு அண்ணே என்று அவர் பாஷையிலேயே சொல்லிப் படத்தைக் காட்டினாள். அவர் தன் முகத்தைப் பார்த்து வெட்கப்பட்டு, ஒரு கை நிறையப் பழம் கொடுத்தார்.

முப்பத்தைந்திலும் நாலு படம் எடுத்துப் பார்க்கத்தான் செய்தாள். ஆளும் இருந்தார், பஸ்ஸும் இருந்தது, குப்பைத் தொட்டியும் இருந்தது. உள்ளது உள்ளபடி. இதற்கு நம் கண்ணே போதுமே என்று தோன்றியது. பஸ் ஏறும்போதே மனம் முடிவு கட்டிவிட்டது. ஐம்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா காத்தமுத்து முன்னால் வந்தார். பின்னால், சீலைத் தட்டைச் சுமந்துகொண்டு, அவருடைய தங்கை இருளாயி. இந்த அண்ணனும் தங்கையும் பல வருஷம் முகம் பார்க்காமல் இருந்தவர்கள் என்று பெண் வீட்டாருக்கும் தெரியும். மருமகளுக்குப் பூ வைக்க மாப்பிள்ளையின் அத்தை வேண்டும் என்பதால் காத்தமுத்துவே தங்கை வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டிருந்தார். அவளும் வந்துவிட்டாள். இருந்தாலும் வேனில் அவர் முன் சீட்டிலும் இவள் கடைசிச் சீட்டிலும்தான் வந்தார்களாம்.

காம்பராவுக்குள் எள் விழ இடமில்லை. பாயில் கிருஷ்ணகுமாரி, அவளைச் சுற்றிப் பெண்கள், நடுவில் தட்டுகள். ஐம்பது லென்ஸை வைத்துக்கொண்டு உள்ளே நின்றால் ஒருத்தியின் மூக்கு மட்டும்தான் விழும். ஆகவே ஜீவராணி பின்வாங்கிப் பின்வாங்கி வெளியே வந்து, முன் திண்ணையான இஸ்தோப்பில் நின்று வாசல் வழியாக எடுத்தாள். இருளாயி பெண்ணின் பின்னால் முழங்காலிட்டு உட்கார்ந்து மல்லிகைச் சரத்தைக் கொண்டையில் வைத்தாள். ஜீவராணி பெண்ணின் கண்ணைக் குறிவைத்து அமுக்கினாள்.

என்ன படம் தெரியுமா! கிருஷ்ணகுமாரியின் இமை மயிர் ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம். மூக்குத்தியில் ஒரு பொட்டு வெளிச்சம். மற்றதெல்லாம் பொன்னாக உருகி ஓடியிருக்கிறது. கொஞ்சம் பொறுத்திருந்தால் என்ன? ஆனால் ஜீவராணிக்குப் பொறுமை என்பது கடையில் விற்றாலும் வாங்கத் தெரியாத சாமான். தேத்தண்ணி பரிமாறும் நேரம் பார்த்து, கமெராவை அப்படியே உள்ளே நீட்டினாள்.

"பாருங்க, பாருங்க, பொண்ணப் பாருங்க!"

"அடி ஆத்தி, சினிமாக்காரி கெட்டா!" என்றார்கள். கமெரா கை மாறிக் கை மாறி இருளாயியிடம் வந்தது. அவள் பெண்ணைப் பார்க்கவில்லை. படத்தில் யார்தான் முதலில் மற்றவர்களைப் பார்க்கிறார்கள்? பெண்ணின் பின்னால், தான் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். அங்கே பழுப்பாக ஒரு மூட்டம் இருந்தது. கையும் பூவும் பாதி தெரிந்தன. முகம் இல்லை.

எங்கள் பக்கத்தில் சொந்தத்துக்குள் சண்டை வந்தால் முதலில் பேச்சு நிற்கும். பிறகு நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து நிற்கும். அதற்கும் மேலே போனால், சுவரில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தைக் கழற்றி ஸ்டூடியோவில் கொடுத்து, அந்த ஆளின் முகத்தை மட்டும் மங்கலாக்கி வாங்கி மறுபடி மாட்டுவார்கள். காத்தமுத்துவின் வீட்டுச் சுவரில், அவருடைய கல்யாணப் படத்தில், மணப்பெண்ணுக்குப் பின்னால் அப்படி ஒரு மூட்டம் இருக்கிறது. அது இருளாயி. வேனில் வந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தவர்கள்.

இருளாயி கமெராவை மடியில் வைத்தாள். அண்ணனைப் பார்த்தாள்.

"இங்கயும் சொல்லி வச்சுட்டியாண்ணே?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். காத்தமுத்து தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல தங்கச்சி. சாமி சத்தியமா."

"பூ வைக்க மட்டும் நான் வேணும். படத்துக்கு வேணாம். அப்பிடித்தானே?"

"ஐயோ அம்மா, அவரு ஒண்ணுமே சொல்லல!" ஜீவராணி வாசலில் துடித்தாள். "அது லென்ஸோட வேலம்மா. பொண்ண மட்டும் எடுத்துக் காட்டும், பின்னால உள்ளத மங்கலாக்கிரும். அதுதான் அழகு..."

"அப்ப நான் இருந்தா அழகு கெட்டுப் போகும்ங்கிற."

இருளாயி முந்தானையைச் சரிசெய்து எழுந்திருக்கப் பார்த்தாள். தட்டு இன்னும் மாற்றவில்லை. பூ வைத்த அத்தை கோபித்துக்கொண்டு வேனில் போய் உட்கார்ந்தால் அதற்குமேல் யார் தட்டு மாற்றுவது? வெள்ளையம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. கல்யாணப் படம் கிடக்கட்டும், கல்யாணமே கிடைக்குமா என்று ஆகிவிட்டது.

ஜீவராணி கை நீட்டி, கமெராவை வந்த வழியே கை மாறித் திருப்பி வாங்கினாள். ஐம்பதைக் கழற்றி முப்பத்தைந்தை மாட்டினாள். செருப்பை உதறிவிட்டு, தட்டுகளைத் தாண்டி, ஆட்களின் முழங்காலை மிதித்து, மன்னிப்புக் கேட்டு, நேரே உள்ளே போனாள்.

"அம்மா, இன்னொரு தடவ வைங்கம்மா. எனக்காக."

"வச்ச பூவ எடுக்கக் கூடாது" என்றாள் இருளாயி முறைத்துக்கொண்டு. கோபத்திலும் முறை முறைதான்.

"எடுக்க வேணாம். அந்தத் தட்டுல இன்னொரு சரம் இருக்கு. அதையும் வைங்க. பொண்ணுக்குக் கொண்ட பெருசு, தாங்கும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிருஷ்ணகுமாரியே கையைப் பின்னால் நீட்டி, இருளாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வைங்கத்த" என்றாள். அன்றைக்கு அந்தப் பெண் வாயைத் திறந்து பேசிய முதல் வார்த்தை அதுதான். அத்தை மறுபடி முழங்காலிட்டாள்.

ஜீவராணி முதுகை அலுமாரியில் ஒட்டினாள். மூட்டத்தைக் குறைக்க லென்ஸின் துளையைக் கொஞ்சம் சுருக்கினாள். கை நீட்டினால் பெண்ணைத் தொடலாம், அவ்வளவு கிட்ட. கண்ணை வைத்துப் பார்த்தாள். அட! முழுக் காம்பராவும் அதற்குள் இருக்கிறது. பூவைச் செருகுகிற மும்முரத்தில் இருளாயி நாக்கைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டிருக்கிறாள். கழுத்தில் அவள் விரல் பட்டுக் கூச்சத்தில் பெண் சிரிப்பை அடக்குகிறாள். ஒரு பக்கம் பயந்த கண்ணோடு வெள்ளையம்மா, இன்னொரு பக்கம் பாயில் ஒரு கையை ஊன்றித் தங்கையையே பார்க்கும் காத்தமுத்து. நேற்றுச் சாதாரணமாகத் தெரிந்த லென்ஸா இது? ஒன்றைக் காட்டி ஒன்றை மறைக்காமல் எல்லாரையும் ஒரே பாயில் உட்கார்த்தி வைத்திருக்கிறதே! அமுக்கினாள், அமுக்கிக்கொண்டே இருந்தாள். இஸ்தோப்பில் நின்று எடுத்தது விருந்தாளி எடுத்த படம், இது வீட்டு ஆள் எடுப்பது என்று அவளுக்குப் பட்டது. எந்த லென்ஸ் என்ற கேள்வி அந்த அலுமாரி ஓரத்திலேயே தீர்ந்துபோனது. நாளைக்கு ஐம்பது கேகாலைக்குப் போகும், அதில் கொஞ்சம்கூட வருத்தமில்லை.

கமெராவை இருளாயியின் கையில் கொடுத்தாள். அவள் கண்ணைச் சுருக்கித் திரையைக் கிட்டக் கொண்டுபோனாள்.

"இம்புட்டா நரச்சிருச்சு எனக்கு?"

ஒரு கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"கன்னம் வேற ஒட்டிப் போச்சு. நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு..." என்றவள் நிறுத்தினாள். திரையில் தன் முகத்தை ஒரு விரலால் தொட்டாள். "சரி, போகட்டும். இருக்கேன்ல."

வெள்ளையம்மா அப்போதுதான் மூச்சு விட்டாள். விட்ட மூச்சோடு, "கல்யாணத்துக்கும் இந்தப் புள்ளதான் எடுக்குது, யாரும் வேற ஆளு தேட வேணாம்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். ஜீவராணி குதிக்கவில்லை, அதுவே பெரிய காரியம். வாசலில் நின்ற கஜேந்திரனைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். அவன் தலையில் அடித்துக்கொண்டு தானும் சிரித்தான்.

தட்டு மாற்ற எல்லாரும் எழும்பும்போது காத்தமுத்து ஜீவராணியின் பக்கம் வந்தார். பெரிய மனிதர், குரல் மட்டும் சின்னதாக வந்தது.

"அந்தப் படத்தப் பெருசாப் போட்டுக் குடும்மா. கண்ணாடிச் சட்டம் போட்டு."

"சரிங்கையா. எவ்வளவு பெருசா?"

"எங்க வூட்டுச் செவுத்துல என் கல்யாணப் படம் ஒண்ணு மாட்டியிருக்கு. அத எறக்கிட்டு அந்த எடத்துல மாட்டணும்."

இருளாயி தட்டைத் தூக்கிய கையோடு நின்றாள். அண்ணனை அவள் பார்க்கவில்லை. தட்டில் இருந்த வெற்றிலையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"இந்த நரையோடயா?"

"நரையோடதான்" என்றார் அண்ணன்.