கேள்வி கேட்டுக்கொண்டே சாப்பிட்டவர்கள்

தோ யெரிம் படிக்காமல் தோற்றவள் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அரசு எழுத்தர் தேர்வுக்காகத் தென்கோடியிலிருந்து சியோலுக்கு வந்தவள். தேர்வுக்குப் படிப்பவர்கள் அடைந்து கிடக்கும் நோரியாங்ஜின் பேட்டையின் ஒரு சந்தில், காலை நீட்டினால் கதவில் இடிக்கும் அறையில் வருடக்கணக்காகக் கிடந்தாள். ஒவ்வொரு முறையும் கோட்டை விட்டாள்.

"இதுதான் கடைசி. இல்லேன்னா பேசாம வந்து உங்கண்ணன் கடையில மீன் நிறு" என்று அம்மா போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

முதலில் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். முக்கியமான வரிகளில் மஞ்சள் பூசினாள். போகப் போக மஞ்சள் படாத வரியே இல்லாமல் போயிற்று. எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது, தேர்வுக் கூடத்தில் உட்காரும் வரைக்கும். பிறகு விரல் காய்க்க எழுதிப் பார்த்தாள். தன் குரலையே பதிவு செய்து காதில் மாட்டிக்கொண்டாள்; அது தாலாட்டாகிவிட்டது. கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வெள்ளைத்தாளில் எழுத உட்கார்ந்தாள். நான்கு வரிக்கு மேல் பேனா நகரவில்லை. அன்றுதான் அழுதாள். அந்தச் சுவர்களுக்கு இருமினாலே கேட்கும் என்பதால் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

அதற்குப் பிறகுதான் மதியச் சாப்பாட்டுக் குழுவில் சேர்ந்தாள். முன்பின் தெரியாதவர்கள் கூடிச் சாப்பிடுவது அந்தப் பேட்டையில் வழக்கம். பெயர், ஊர், வயது எதையும் கேட்கக் கூடாது. பாடத்தில் மட்டும்தான் கேள்வி. தேறியவர் அன்றிலிருந்து வரக் கூடாது. தேறிய முகத்தைப் பார்த்தால் மற்றவர்களுக்குச் சோறு இறங்காதாம்.

குழுவில் அவளைத் தவிர இரண்டே பேர். கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர் ஒருவர், வாயாடிப் பெண் ஒருத்தி. சட்டத்திலிருந்து வரலாற்றுக்குத் தாவுவார்கள், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு.

"அடிமைகளை விசாரிச்சு விடுவிச்ச கொரியோ வம்ச ராஜா யாரு? அந்த முள்ளங்கியை முழுங்கறதுக்குள்ள சொல்லணும்" என்பாள் வாயாடி.

"குவாங்... குவாங்ஜோங்!" என்பாள் யெரிம்.

"பரவாயில்லையே, இன்னிக்குச் சாப்பாடு செரிக்கும் உங்களுக்கு!"

தப்பாகச் சொன்னால் கேலி தாங்காது. ஆனால் கேலிக்கு ஆளான கேள்வி பிறகு மறக்கவே இல்லை. யெரிமும் முந்தின இரவே அறையில் கேள்விகளைத் தேடித் தேடித் தயாரித்து வந்தாள். மாதிரித் தேர்வுகளில் மதிப்பெண் ஏறிக்கொண்டே போயிற்று. உண்மையைச் சொன்னால் மதிப்பெண்ணைவிட அந்த அரைமணி நேரப் பேச்சுக்காகத்தான் விடிவதற்குக் காத்திருந்தாள். நாள் முழுக்க அவள் பேசுவதே அவ்வளவுதான்.

இறுதிப் பட்டியல் வந்தது. தேறிவிட்டாள். அம்மா போனில் கத்தின கத்தலில் அறைச்சுவரைத் தட்டி, சத்தம் போடாதே என்றார் பக்கத்து அறைக்காரர். யெரிம் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே சாப்பாட்டுக் கடைக்குப் போனாள். போகக் கூடாது என்று தெரிந்தேதான் போனாள். தட்டில் சோறு எடுத்துக்கொண்டு இருவருக்கும் எதிரே உட்கார்ந்தாள்.

"என்னாச்சு?" என்றாள் வாயாடி.

"போயிடுச்சுங்க."

இருவரும் கரண்டியை வைத்துவிட்டார்கள். வாயாடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும்தாங்க. விடுங்க, செத்தா போயிட்டோம்?" கண்ணாடிக்காரர் தன் தட்டிலிருந்த பொரித்த முட்டையை எடுத்து அவள் சோற்றின் மேல் வைத்தார். அந்த ஊருக்கு வந்தபின் யாரும் அவளைத் தொட்டதில்லை. பொய் சொன்ன வெட்கத்தையும் மீறி மனம் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் கண்ணாடிக்காரர் அவள் தட்டைக் கவனித்தார். ஓரத்தில் கடற்பாசிச் சூப். வழுக்கும் பண்டம் அது. குடித்தால் தேர்வில் வழுக்கி விழுவோம் என்று பரீட்சை எழுதுகிற எவரும், தோற்று மறுபடி எழுதப்போகிறவரும்கூட, தொடமாட்டார்கள். சூப் பாத்திரத்தின் முன் தினமும் ஒதுங்கிப் போகிறவள், இன்று தன்னை மறந்து ஒரு கிண்ணம் மொண்டுவந்திருந்தாள்.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். வாயாடியின் கை மெல்ல விலகியது.

"சந்தோஷம்ங்க," என்றார் அவர். குரலில் கோபமில்லை. "ஆனா கிளம்பிடுங்க. நாங்க இன்னும் சாப்பிட்டு முடிக்கலை."

யெரிம் தலைகுனிந்து வணங்கிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.  முதுகுக்குப் பின்னால் வாயாடி தொண்டையைச் செருமிக்கொண்டு, நிர்வாகச் சட்டத்தில் ஒரு கேள்வி கேட்டாள். கண்ணாடிக்காரர் யோசித்தார்.

யெரிமுக்கு விடை தெரியும். தட்டு வைக்கும் இடத்தில் நின்று, வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள்.

"என்னம்மா வேணும்?" என்றாள் பாத்திரம் கழுவுகிறவள்.

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் யெரிம்.